தோப்புக்கு மேலே ஒரு கேமரா

1970ஆம் ஆண்டு, கேரளத்தின் காயங்குளம் பகுதித் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்தது. அதில் ஒரு ஹாசல்பிளாட் கேமரா இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நிலவில் இறங்கியவர்கள் கொண்டுபோனதும் அதே நிறுவனத்தின் கேமராதான். உள்ளே போட்டிருந்த படச்சுருள் கடைகளில் கிடைக்கும் சுருள் அல்ல. நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பதிவுசெய்யும் சுருள் அது. வேர்வாடல் நோய் தாக்கிய தென்னைகளை மேலிருந்தே அடையாளம் காண முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று படங்கள் சொல்லின. இந்தியாவில் தொலையுணர்வு என்ற துறை இந்தப் பறத்தலிலிருந்து தொடங்கியதாகச் சொல்வது வழக்கம்.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் வளர்ந்தவள் நான். அன்று கேமரா தேடிப்போன அதே நோய் இன்று பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம், ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரத் தோப்புகளில் இருக்கிறது. எங்கள் தோப்பிலும் இருக்கிறது. ஆகவே அந்த ஹெலிகாப்டர் கதை எனக்குப் பொது அறிவுத் துணுக்கு அல்ல. மேலிருந்து பார்த்தவர்கள் எதைப் பார்த்தார்கள், எது அவர்கள் படத்தில் விழவில்லை, படத்தைப் படித்துச் சொன்னவர்கள் யார் என்று கேட்கும் தேவை எனக்கு இருக்கிறது. வானத்திலிருந்து எடுக்கும் படத்தின் வரலாற்றைப் பெண்கள் பக்கமிருந்து படித்தால் இந்தக் கேள்விகள் தாமாகவே எழுகின்றன.

1

மேலிருந்து பார்க்கும் ஆசை கேமராவைவிடப் பழையது. கேமரா வந்த சில பத்தாண்டுகளிலேயே, 1858இல், நடார் என்ற பிரெஞ்சு நிழற்படக்காரர் பலூனில் ஏறிப் பாரிசின் புறநகரைப் படம் எடுத்துவிட்டார். பிறகு விமானம் வந்தது, போர் வந்தது. எதிரியின் பதுங்குகுழியைப் படம்பிடிப்பது ஒரு படைப்பிரிவின் வேலையாகவே ஆனது. விமானத்துக்கு ஒரு குறை உண்டு. அது நிற்காது. மெதுவாகப் போனால் விழுந்துவிடும். ஹெலிகாப்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தாழ இறங்கலாம், மெதுவாக நகரலாம், ஒரே இடத்துக்கு மேலே நிற்கலாம். ஒரு மாவட்டத்தின் வரைபடம் வேண்டுமென்றால் விமானம் போதும். ஒரு தோப்பின் ஒவ்வொரு மரமும் வேண்டுமென்றால் ஹெலிகாப்டர்தான் வசதி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 80 மில்லிமீட்டர் வில்லையோடு 300 மீட்டர் உயரத்திலிருந்து செங்குத்தாகக் கீழே நோக்கிப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தரையில் 3,750 சென்டிமீட்டராக இருப்பது படச்சுருளில் ஒரு சென்டிமீட்டராகச் சுருங்கும். ஹாசல்பிளாட்டின் சதுரச் சட்டம் ஏறக்குறைய 56 மில்லிமீட்டர்; அதற்குள் 210 மீட்டர் அகலமும் 210 மீட்டர் நீளமும் கொண்ட நிலம் அடங்கும். அது கிட்டத்தட்ட 11 ஏக்கர். நம் பக்கத்தில் 25 அடிக்கு ஒரு தென்னை வைப்பார்கள். ஏக்கருக்கு 70 மரம். அப்படியானால் ஒரே படத்தில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட மரங்கள். ஆள் விட்டுப் பார்த்தால் ஒரு நாள் முழுக்க ஆகும் வேலையைக் கேமரா ஒரு சொடுக்கில் முடிக்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும், திரை ஒரு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்தால், அந்த நேரத்துக்குள் ஹெலிகாப்டர் நகர்வது 4 சென்டிமீட்டர்தான். ஆகவே படம் கலங்காது. மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மரமும் மட்டைகளை விரித்த ஒரு நட்சத்திரம்.

அகச்சிவப்புச் சுருள் எதற்கு? நல்ல தென்னை ஓலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. அதே ஓலை அகச்சிவப்பு ஒளியைப் பச்சையைவிடப் பல மடங்கு திருப்பி அனுப்புகிறது. இலைக்குள் இருக்கும் பஞ்சு போன்ற திசுக்களின் வேலை அது. மரம் நலிந்தால் அந்தத் திசு குலைகிறது, திரும்பிவரும் ஒளியும் குறைகிறது. வண்ண அகச்சிவப்புச் சுருளில் நலமான இலை சிவப்பாக விழும். நலிந்த இலையில் அந்தச் சிவப்பு மங்கும். நிறம் மாறுவதற்கு முன்பே இது நடக்கத் தொடங்கிவிடுவதால், கண்ணுக்குத் தெரியாத நோயைக் கேமரா காட்டிவிட்டது என்ற பெருமை வந்தது.

இந்தச் சுருள் பயிருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. இரண்டாம் உலகப் போரில், பச்சைச் சாயம் பூசிய துணியையும் வெட்டிப் போட்ட தழையையும் கொண்டு பீரங்கிகளை மறைப்பார்கள். அந்தப் பொய்ப் பச்சையை உயிருள்ள பச்சையிலிருந்து பிரித்துக் காட்டத்தான் இந்தச் சுருள் உருவானது. மறைந்திருக்கும் எதிரியைத் தேடிய கண் பிறகு தோப்புக்கு வந்து நோயைத் தேடியது.

2

காயங்குளம் சோதனையின் பெயர் பி.ஆர். பிஷரோட்டியோடு சேர்ந்தே வரும். 1909இல் கொல்லங்கோட்டில் பிறந்தவர். கொல்லங்கோடு பாலக்காட்டுக் கணவாயில் உள்ள ஊர். பொள்ளாச்சிக்காரர்களுக்கு அந்நியமான இடமல்ல. சி.வி. ராமனிடம் பயின்ற வானிலை அறிஞர். விக்ரம் சாராபாய் கட்டியெழுப்பிக்கொண்டிருந்த விண்வெளித் திட்டத்தில் தொலையுணர்வுக்கு வித்திட்டவர். ராக்கெட் விடுவதால் ஏழை நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்டவர்களுக்குத் தென்னை மரத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடிந்தது. அந்தப் பெருமையை நான் குறைக்கப் போவதில்லை.

ஆனால் சோதனையைப் பற்றி 1971இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த கருத்தரங்கின் தொகுப்பில் வெளியான கட்டுரையில் ஐந்து பெயர்கள் உள்ளன: சி. தட்சிணாமூர்த்தி, பி. கிருஷ்ணமூர்த்தி, ஏ.எஸ். சும்மன்வார், பி. சாந்தா, பி.ஆர். பிஷரோட்டி. மேடைகளில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் நான்காவது பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சாந்தா அந்தப் பட்டியலுக்கு வந்த வழி வானத்து வழி அல்ல. ஹெலிகாப்டருக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1960இல், கே.பி.வி. மேனனோடு சேர்ந்து ‘வைராலஜி’ ஆய்விதழில் இந்த நோயைப் பற்றி எழுதியவர் அவர். நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்று கருதப்பட்ட காலம். தென்னை பல ஆண்டு வாழும் மரம். அதில் சோதித்து விடை காண ஆயுள் போதாது. சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் அறிகுறி காட்டும் ஒரு செடி வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்ட செடி தட்டைப்பயறு. நம் ஊர் மானாவாரிக் காட்டில் சோளத்துக்கு ஊடே விதைக்கும் அதே தட்டைப்பயறு.

வைரஸ் என்ற கருத்து நிலைக்கவில்லை. 1983 வாக்கில் நோயுற்ற மரங்களின் திசுக்களில் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் இருப்பது மின்னணு நுண்ணோக்கியில் தெரியவந்தது. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதை மரத்துக்கு மரம் எடுத்துச்செல்கின்றன என்றும் பிறகு தெரிந்தது. 1882 வெள்ளத்துக்குப் பின் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் கவனிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நோய்க்குக் காரணம் தெரிய நூறு ஆண்டுகள் ஆயின. ஹெலிகாப்டர் பறந்தபோது அந்த விடை யாரிடமும் இல்லை. நோய் எங்கே இருக்கிறது என்று படத்தால் சொல்ல முடிந்தது. அது என்ன நோய் என்று சொல்ல முடியவில்லை.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. படத்தில் ஒரு மரத்தின் சிவப்பு மங்கியிருக்கிறது. அது வேர்வாடலா, தண்ணீர்ப் பற்றாக்குறையா, சத்துக் குறைவா, வயதான மரமா? படத்துக்குத் தெரியாது. யாராவது அந்த மரத்தடிக்கு நடந்து போய்ப் பார்க்க வேண்டும். இந்த வேலைக்குக் களச் சரிபார்ப்பு என்று பெயர். இது நோயுற்ற மரம், இது நல்ல மரம் என்று தரையில் யாரோ முதலில் பிரித்து வைத்திருந்தால்தான் படத்தின் சிவப்புக்கும் மங்கலுக்கும் பொருள் கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் மரத்தோடும் பயற்றஞ்செடியோடும் உட்கார்ந்தவர்களின் அறிவு இல்லாவிட்டால் அந்தச் சுருள் வெறும் வண்ணக் காகிதம். பறந்தது நினைவில் நிற்கிறது, உட்கார்ந்தது நிற்பதில்லை.

3

படத்தைப் படிக்கும் வேலையில் பெண்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் மெட்மனம் என்ற இடத்தில் ஒரு மாளிகை, வான்படங்களைப் படிக்கும் நிலையமாக இயங்கியது. விமானிகள் எடுத்துவந்த படங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, இரட்டைக் கண்ணாடிக் கருவி வழியே பார்த்து, மேடு பள்ளத்தையும் நிழலையும் கணித்துச் சொல்லும் வேலை. அங்கே வேலை செய்தவர்களில் பெண்கள் கணிசமானவர்கள். கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் அவர்களில் ஒருவர். எதிரி விமானங்களை அடையாளம் காணும் பிரிவை நடத்தியவர். 1943இன் இறுதியில், ஜெர்மனியின் பீனமுண்டே ஏவுதளப் படம் ஒன்றில், சாய்தளத்தின் மேல் பூச்சி அளவே இருந்த ஒரு சின்னஞ்சிறு விமான உருவத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஆளில்லாமல் பறந்து லண்டனைத் தாக்கப்போகும் குண்டு அது. அமெரிக்காவில் இதே காலத்தில் வான்படங்களிலிருந்து ராணுவ வரைபடம் வரையக் கல்லூரிப் பெண்களைப் பயிற்றுவித்து வேலைக்கு எடுத்தார்கள். ‘வரைபடக் கன்னியர்’ என்று அவர்களுக்கு ஒரு செல்லப் பெயர். வேலை போர்க்கால வேலை, பெயர் மட்டும் விளையாட்டுப் பெயர்.

பறந்து படம் எடுத்த பெண்களும் உண்டு. காந்தியை ராட்டையோடு படம் எடுத்த மார்கரெட் போர்க்-வொயிட்டை நமக்குத் தெரியும். அவர் 1950களின் தொடக்கத்தில் ஹெலிகாப்டரிலிருந்து அமெரிக்காவைப் படம் பிடித்து ‘லைஃப்’ இதழில் வெளியிட்டார். ஒருமுறை அவர் போன ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது, நீந்தித் தப்பினார். ஆனால் இத்தகைய பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மெட்மனத்தில் மேசைமுன் குனிந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு படம் படித்த பெண்கள் நூற்றுக்கணக்கானவர்கள். பொறுமை வேண்டும், நுணுக்கம் வேண்டும், ஒரே மாதிரியானவற்றுக்கு நடுவே சிறு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் இது பெண்களுக்கு ஏற்ற வேலை என்று சொல்லப்பட்டது. அரிசியில் கல் பொறுக்கும் கை என்று நாம் சொல்வோம். அந்தப் பாராட்டுக்குள் ஒரு பூட்டும் இருக்கிறது: பொறுக்குவது உங்கள் வேலை, பறப்பது எங்கள் வேலை.

இந்தியாவில் மேலிருந்து பார்ப்பது அரசின் தனி உரிமையாகவும் இருந்தது. விமானத்திலிருந்து படம் எடுக்க முன்அனுமதி வேண்டும் என்று 1937ஆம் ஆண்டு விமான விதிகளே சொல்கின்றன. சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கும் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு புதிதல்ல. ஆகவே தங்கள் ஊர் மேலிருந்து எப்படித் தெரியும் என்பதை ஊர்க்காரர்கள் பார்த்ததே இல்லை. பெண்கள் பார்ப்பது இன்னும் தொலைவு. தன் நிலம் எப்படித் தெரிகிறது என்று தெரியாதவர்களின் நிலத்தைப் பற்றி, அதைப் பார்த்தவர்கள் முடிவெடுத்தார்கள்.

4

கோவை மாவட்டம் தமிழ்நாட்டின் தென்னை மாவட்டங்களில் முதன்மையானது. மேலிருந்து பார்த்தால் பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை அடிவாரம் வரை ஒரே பச்சை. இந்தப் பச்சைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆழியாறு அணை 1960களில் வந்தது. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்துக்கான தமிழ்நாடு-கேரள ஒப்பந்தம் 1970 மே மாதம் கையெழுத்தானது, காயங்குளத்தில் ஹெலிகாப்டர் பறந்த அதே ஆண்டு. வாய்க்கால் தண்ணீர் வந்தபின் நிலக்கடலையும் பருத்தியும் சோளமும் இருந்த இடங்களில் படிப்படியாகத் தென்னை ஏறியது.

நிலக்கடலை என்றால் விதை போடுவது, களை எடுப்பது, செடி பிடுங்குவது, காய் ஆய்வது. பருத்தி என்றால் களையும் பருத்தி எடுப்பும். எல்லாம் பெண்கள் வேலை. கூலி குறைவு என்றாலும் ஆண்டில் பல மாதம் வேலை இருந்தது. தென்னையில் காய் வெட்டுவது ஆண் வேலை, உரிப்பது ஆண் வேலை, தண்ணீர் விட இப்போது சொட்டுநீர்க் குழாய். ‘தென்னைக்கு ஆள் தொல்லை இல்லை’ என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பெண். காட்டு வேலை போன பெண்கள் கயிறு ஆலைக்கும், காங்கேயம் பக்கத்துப் பருப்புக் களங்களுக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போனார்கள்.

வான்படத்தில் இது விழாது. நிலக்கடலைக் காடு தென்னந்தோப்பாக மாறுவது படத்தில் வளர்ச்சியாகவே தெரியும். வெள்ளையாகக் கிடந்த நிலம் ஆண்டுக்கு ஆண்டு சிவப்பாகும். குறைந்துபோன பெண்களின் வேலைநாட்களைப் பதிவுசெய்யும் படச்சுருள் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

எங்கள் தோப்பில் கீற்று முடைய வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். என்னைவிட இருபது வயது மூத்தவர், நிலம் இல்லாதவர், கொங்கு நாட்டுத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்துவரும் அருந்ததியர் சமூகத்தவர். வயதில் மூத்தவர்தான், ஆனாலும் என்னிடம் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். மட்டையை ஊறவைத்து, நடுவே பிளந்து, ஓலைகளை ஒன்றுமாற்றி ஒன்று பின்னுவது அவர் வேலை. தோப்பில் நோய் என்று எங்கள் வீட்டில் பேச்சு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டே அவர் என்னிடம் சொன்னார்: “ஓலை தொவண்டு கெடக்குதுங்க அம்மிணி. கையில புடிச்சா நிக்க மாட்டீங்குது. அந்த மேக்கால மூலையில இருக்கற மரத்துல எறக்குன மட்டைதானுங்க இது.”

வேர்வாடலின் முதல் அடையாளம் அதுதான். ஓலைகள் விறைப்பை இழந்து, விலா எலும்பு போல உள்நோக்கி வளையும். மஞ்சளாவதும் ஓரம் காய்வதும் அதன் பின்னால். பாளை கருகும், குரும்பை உதிரும், காயின் பருப்பு ரப்பர் போல வளையும். மரம் உடனே சாகாது. ஆண்டுக்கணக்கில் நலிந்துகொண்டே நிற்கும். பருப்பு வளைவதைக் களத்தில் தோண்டி எடுக்கும் பெண் முதலில் அறிவாள். ஓலை துவள்வதைக் கீற்று முடைகிறவள் முதலில் அறிவாள். அக்கா சொன்ன மேற்கு மூலையிலிருந்துதான் பிறகு நோய் பரவியது. நோய்க் கணக்கு எடுக்க வந்தவர்கள் பட்டாதாரர் பெயரைக் கேட்டார்கள், சர்வே எண்ணைக் கேட்டார்கள், மர எண்ணிக்கையைக் கேட்டார்கள். ஓலை எப்போது துவண்டது என்று கேட்க அவர்கள் படிவத்தில் இடமே இல்லை.

நான் அக்காவை அகச்சிவப்புக் கேமராவோடு போட்டிக்கு நிறுத்தவில்லை. ஆயிரம் ஏக்கரை ஒருவர் கையால் தொட்டுப் பார்க்க முடியாது. கேமரா பரப்பைத் தரும், கை நுட்பத்தைத் தரும். இரண்டும் சேர்ந்தால்தான் நோய் பிடிபடும். இவற்றில் ஒன்று ஆய்வுக் கட்டுரையாகிறது. மற்றது பேச்சோடு போய்விடுகிறது. என் கேள்வி அந்த ஏற்றத்தாழ்வைப் பற்றியது.

5

காயங்குளத்துக்குப் பின் பார்வை மேலும் மேலும் உயரத்துக்குப் போனது. 1988 மார்ச் 17இல் இந்தியாவின் முதல் முழுச் செயல்பாட்டுத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்-1ஏ ஏவப்பட்டது. அதன் ஒரு கேமராவில், படத்தின் ஒரு புள்ளி தரையில் 72.5 மீட்டர் சதுரம். ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர். நம் கணக்குப்படி தொண்ணூறு தென்னைகள். ஹெலிகாப்டர் ஒவ்வொரு மரத்தையும் நட்சத்திரமாகப் பார்த்தது. செயற்கைக்கோள் தொண்ணூறு மரங்களை ஒரு புள்ளியாகப் பார்த்தது. நாடு முழுவதற்குமான பயிர்க் கணக்குக்கு அது போதும். ஒரு தோப்பின் மேற்கு மூலைக்குப் போதாது.

இப்போது ட்ரோன் வந்துவிட்டது. ஹெலிகாப்டரின் தாழ்ந்த பறத்தல் ஒரு பை அளவுக் கருவியில் திரும்பிவந்திருக்கிறது. 2021இன் ட்ரோன் விதிகள் எந்த வான்பகுதியில் அனுமதியின்றிப் பறக்கலாம், எங்கே கூடாது என்று வகுத்துவிட்டன. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுக்குத் தனித் துறையே இருக்கிறது. 1970இல் விண்வெளித் திட்டத்தின் துணை வேண்டியிருந்த ஒன்றை இன்று ஊர்த் திருமணப் படக்காரர் வைத்திருக்கிறார்.

பெண்களின் பெயரும் இதில் சேர்ந்திருக்கிறது. 2023இல் ஒன்றிய அரசு அறிவித்த ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டம், 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தருவதாகச் சொன்னது. ஒதுக்கீடு 1,261 கோடி ரூபாய். குழுவில் ஒரு பெண்ணுக்கு ட்ரோன் ஓட்டப் பயிற்சி தருவார்கள். உரமும் பூச்சிமருந்தும் தெளிக்க அதை வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கலாம். வான் என்றாலே ஆண் என்றிருந்த இடத்தில் ஒரு பெண் கையில் இயக்கி இருப்பதை நான் மகிழ்ச்சியோடுதான் பார்க்கிறேன். மெட்மனத்துப் பெண்களுக்குக் கிடைக்காதது அது.

ஆனால் அந்த ட்ரோன் தெளிக்கும் ட்ரோன். எந்த மரத்துக்கு எதைத் தெளிப்பது, எதை வெட்டுவது, எதைக் காப்பாற்றுவது என்று முடிவெடுப்பவர் வேறொருவர். முன்பு பெண்களுக்குப் படத்தைக் கொடுத்துப் பறத்தலைக் கொடுக்கவில்லை. இப்போது பறத்தலைக் கொடுத்துப் படத்தைக் கொடுக்காமல் விட்டால் பூட்டு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நோய் பார்க்கும் கேமராவையும், அதன் படத்தைப் படிக்கும் பயிற்சியையும் அந்தக் குழுக்களுக்கே கொடுத்தால் என்ன? ஓலை துவள்வதைக் கையால் அறிந்தவருக்குப் படத்தில் மங்கல் எங்கே என்று காட்ட நீண்ட பாடம் தேவைப்படாது.

கடைசியாக நிலம். நாட்டில் பயிர்செய்யும் நில உடைமைகளில் பெண்கள் பெயரில் உள்ளவை ஏறக்குறைய 14 விழுக்காடு என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. தமிழ்நாடு 1989இலேயே மகளுக்கும் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமை தந்தது. நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. கொங்கு நாட்டுக் குடும்பங்களில் சீரும் நகையும் கொடுத்தபின் ‘அம்மிணிக்குச் செய்யவேண்டியதைச் செஞ்சாச்சு’ என்று ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்வது இன்றும் வழக்கம். எங்கள் தோப்பின் பட்டா அப்பா பெயரிலிருந்து அண்ணன் பெயருக்குப் போனது. நோயுற்ற மரத்தை வெட்டிப் புதுக்கன்று வைக்க உதவித்தொகை கேட்டால் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். சிட்டாவில் பெயர் இல்லாத மகளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. மரம் போனால் முடைய மட்டை இல்லாமல் வேலை இழக்கும் அக்காவுக்கு எந்த வரிசையிலும் இடமில்லை.

மேலிருந்து எடுத்த படத்தில் வேலி தெரியும், வரப்பு தெரியும், ஒவ்வொரு மரமும் தெரியும். யாருடைய நிலம், யாருடைய உழைப்பு என்பது தெரியாது. அதைத் தாளில் எழுதுகிறவர்கள்தான் முடிவுசெய்கிறார்கள். அந்தத் தாளில் இரண்டு புதிய கட்டங்கள் வேண்டும். ஒன்று, இந்த நோயை முதலில் பார்த்தவர் யார். இரண்டு, இந்த மரத்தை நம்பிப் பிழைப்பவர்கள் யார் யார். ட்ரோன் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு ஒரு வரி மை. அடுத்த முறை தோப்புக்கு மேலே கேமரா வரும்போது, கீழே நிற்கும் பெண்கள் அந்த இரண்டு கட்டங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.